சுங்கை பாக்காப்: வராத ஓட்டுகளின் கணக்கு

2023 ஆகஸ்ட் 12-ஆம் தேதி நடந்த மலேசியாவின் பினாங்கு மாநிலத் தேர்தலில், சுங்கை பாக்காப் தொகுதியில் இஸ்லாமியக் கட்சியான பாஸின் நோர் சம்ரி லத்திப் 15,433 ஓட்டுகள் வாங்கி வென்றார். அவரை எதிர்த்து நின்ற பிகேஆரின் (மக்கள் நீதிக் கட்சி) நூர்ஹிடாயா சே ரோஸ் 13,870 வாங்கினார். வித்தியாசம் 1,563. நோர் சம்ரி அடுத்த ஆண்டு மே 24-ஆம் தேதி காலமானார். ஜூலை 6-ஆம் தேதி இடைத்தேர்தல் நடந்தது. பாஸ் நிறுத்திய அபிடின் இஸ்மாயிலுக்கு 14,489, பிகேஆரின் ஜொஹாரி அரிபினுக்கு 10,222. வித்தியாசம் 4,267.

பெரும்பான்மை இரண்டரை மடங்குக்கு மேல் பெருகிவிட்டது, பாஸின் பச்சை அலை ஓயவில்லை என்று மறுநாள் முழுக்கப் பேச்சு. காப்பிக் கடையில் என் எதிரில் அமர்ந்திருந்தவர்கூட, மலாய்க்காரர்கள் எல்லாரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள் என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்பு எழுதிவிட்டார். கூட்டிக் கழித்துப் பார்த்தால் கதை வேறு. வென்ற கட்சி, போன முறை வாங்கியதில் 944 ஓட்டுகளை இழந்திருக்கிறது. தோற்ற கட்சி 3,648 ஓட்டுகளை இழந்திருக்கிறது. யாரும் பெரிதாக எந்தப் பக்கமும் போகவில்லை. பலர் எங்குமே போகவில்லை. 39,279 வாக்காளர்கள் உள்ள தொகுதியில் 63.45 விழுக்காட்டினர்தான் வந்தார்கள்.

வராத அந்த ஓட்டுகளைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். இடைத்தேர்தல் முடிந்தவுடன் எழுதியிருந்தால் கோபமாக எழுதியிருப்பேன். இப்போது கொஞ்சம் நிதானம் வந்திருக்கிறது.

முதலில் ஊர். பினாங்கு என்றதும் வெளியூர்க்காரர்களுக்குத் தீவு மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. கொம்தார் கோபுரம், தண்ணீர்மலை, தைப்பூச ரதம், நாசி கண்டார். பாலத்தைத் தாண்டினால் பெருநிலத்தில் செபராங் பிறை இருக்கிறது, மாநிலத்தின் பெரும்பகுதி நிலம் அங்கேதான் என்பதைத் தீவுவாசிகளே அவ்வப்போது மறந்துவிடுகிறார்கள். பட்டர்வொர்த்திலிருந்து தெற்கே பழைய கூட்டரசுச் சாலையில் இறங்கினால் சிம்பாங் அம்பாட், சுங்கை பாக்காப், ஜாவி, நிபோங் திபால் என்று வரிசையாக வரும். அதற்கப்பால் கிரியான் ஆறு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் பேராக். சுங்கை பாக்காப், ஜாவி, சுங்கை ஆச்சே ஆகிய மூன்று சட்டமன்றத் தொகுதிகளும் சேர்ந்ததுதான் நிபோங் திபால் நாடாளுமன்றத் தொகுதி. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக இந்தச் சாலையின் இரு பக்கமும் சிதறிக் கிடக்கிறது. நான் வேலை நிமித்தம் தீவுக்கு மாறிவிட்டேன். ஆனாலும் தேர்தல் இரவில் நான் முதலில் தேடுவது தீவின் முடிவுகளை அல்ல.

இங்கே தமிழர் வந்தது ரப்பருக்காக அல்ல, கரும்புக்காக. சீனத் தியோச்சூ முதலாளிகள் பத்து காவான் பக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கரும்பு போட்டார்கள். 1840-களில் வெள்ளைக்காரத் துரைமார்கள் வந்து பெரிய அளவில் தொடங்கினார்கள். ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்தவர்களின் வழித்தோன்றல்கள்தான் இந்த வட்டாரத் தமிழர்களில் பலர். 1910-இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் கரும்பு போய் ரப்பர் வந்தது. பைராம், கலிடோனியா, டிரான்ஸ்கிரியான், சங்காட், வால்டோர் என்று தோட்டங்களின் பெயர்கள் இன்றும் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப் பலகைகளிலும் கோயில் அழைப்பிதழ்களிலும் உயிரோடு இருக்கின்றன. கலிடோனியாவில் 99 கதவு மாளிகை என்று ஒரு பாழடைந்த துரை வீடு உண்டு. பேய் பார்க்க வருகிற இளைஞர்கள் இரவில் டார்ச் லைட்டோடு அங்கே அலைகிறார்கள். அந்தத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் எங்கே இருந்தார்கள், அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்கள் என்ன ஆயின என்று அவர்களில் யாராவது கேட்டதாக நான் அறியேன்.

ஓட்டுரிமை தோட்டத்துக்குத் தாமதமாக வந்தது. 1955-இல் மலாயாவின் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது வாக்காளர்களில் ஏறத்தாழ 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர்கள். இந்தியர் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. நாட்டில் இந்தியர் குறைவாக இருந்ததால் அல்ல. குடியுரிமை இல்லாததால். பினாங்கு நேரடி பிரிட்டிஷ் குடியேற்றமாக இருந்ததால் இங்கே பிறந்தவர்களுக்கு 1948-ஆம் ஆண்டு விதிகளில் கொஞ்சம் இலகு இருந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர்களுக்கு அது கிடையாது. அவர்கள் விண்ணப்பிக்க வேண்டும், சத்தியப் பிரமாணம் எடுக்க வேண்டும், பிறந்த தேதியை நிரூபிக்க வேண்டும். மாரியம்மன் திருவிழாவுக்கு மறுநாள் பிறந்தேன் என்று சொல்கிறவர்களிடம் எந்தப் பத்திரம் இருக்கும்?

சுதந்திரத்தை ஒட்டிக் குடியுரிமை வாங்கச் சொல்லித் தோட்டம் தோட்டமாகப் பிரசாரம் நடந்தது. ஆண்கள் பலர் போனார்கள். பெண்கள் பலர் போகவில்லை. போனால் ஒரு நாள் கூலி போகும், நமக்கு எதற்கு இதெல்லாம் என்று இருந்துவிட்டார்கள். என் பாட்டி கடைசிவரை, குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டையோடுதான் வாழ்ந்தார். ஐந்து பிள்ளைகள், எல்லாருக்கும் நீல அட்டை, பெற்றவருக்குச் சிவப்பு. தேர்தல் நாளில் வீட்டில் எல்லாரும் கிளம்பிப் போனபின் அவர் மட்டும் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு இருப்பார். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. எங்களுக்குத்தான் வளர்ந்தபின் உறுத்தியது. 1969 மே இனக் கலவரத்துக்குப் பின் குடியுரிமை இல்லாதவர்கள் வேலைப் பெர்மிட் எடுக்க வேண்டும் என்ற சட்டம் கடுமையாக அமலுக்கு வந்தபோது, சுமார் 60,000 இந்தியர்கள் நாட்டைவிட்டே போனார்கள். பெரும்பாலும் தோட்டத்து மக்கள். இந்தப் பகுதித் தேர்தல் வரலாற்றை எழுதுகிறவர்கள் யார் வென்றார், யார் தோற்றார் என்று தொடங்குகிறார்கள். நான் வாக்காளர் பட்டியலில் யார் பெயர் ஏறவே இல்லை என்பதிலிருந்து தொடங்குவேன்.

பெயர் ஏறியவர்களுக்கு ஓட்டுப் போடுவது எளிதாக இருந்தது. என்ன சின்னம் என்று மட்டும் தெரிந்தால் போதும். அம்னோ (மலாய்க்காரர்), மசீச (சீனர்), ம.இ.கா. (இந்தியர்) ஆகிய கட்சிகள் சேர்ந்த கூட்டணியின் காலத்தில் பாய்மரக் கப்பல். 1974-இலிருந்து அதன் வாரிசான தேசிய முன்னணியின் தராசு. இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் கட்சிப் பெயரே சொல்ல மாட்டார்கள், கப்பலுக்குப் போட்டேன், தராசுக்குப் போட்டேன் என்பார்கள். நின்றவர் பெயர் பலருக்கு நினைவில் இருக்காது. அவர் தமிழராக இருக்கப் போவதில்லை என்பது மட்டும் முன்கூட்டியே தெரியும். மாநிலத்தில் ம.இ.கா.வுக்கு ஒதுக்கப்பட்டவை பாகான் டாலாம், பிறை ஆகிய இரண்டு தொகுதிகள். இரண்டுமே பட்டர்வொர்த் பக்கம். தெற்கே இருந்த தோட்டங்களின் வேலை, முன்னணி நிறுத்தும் ஆளை ஜெயிக்க வைப்பது.

அந்த வேலை நடந்த விதம் இப்போதைய பிள்ளைகளுக்கு விசித்திரமாக இருக்கும். என் பெரியப்பா ம.இ.கா.வின் ஒரு தோட்டக் கிளையில் செயலாளராக இருந்தார். அவரிடம் ஒரு நீண்ட கணக்கு நோட்டு உண்டு. லயம் வாரியாக, வீட்டு எண் வாரியாக, யாருக்கு ஓட்டு இருக்கிறது, யார் நோயாளி, யார் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று எல்லாம் அதில் இருக்கும். வாக்களிப்பு நாளன்று தோட்டத்து லாரி காலையிலேயே வந்து நிற்கும். வாக்குச்சாவடி பெரும்பாலும் தமிழ்ப்பள்ளி. பெரியப்பா நோட்டோடு பந்தலில் உட்கார்ந்து, வந்தவர் பெயருக்கு எதிரே கோடு போடுவார். மத்தியானத்துக்குள் கோடு விழாத வீட்டுக்கு ஆள் போகும். காய்ச்சல் என்றால் கார் வரும். சண்டை என்றால் அவரே போவார். மாலையில் எத்தனை பேர் வந்தார்கள் என்பதை அவர் மேலிடத்துக்குச் சொல்வார். மேலிடம் அம்னோ தொகுதித் தலைவரிடம் சொல்லும். அதற்குப் பதிலாகக் கோயிலுக்குக் கொஞ்சம் சிமெண்டு, பள்ளிக்கூடத்துக்கு வேலி, இரண்டு பேருக்கு அரசாங்க வேலை. சில முறை வாக்குறுதி மட்டும்.

இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. கேவலமாகவும் சொல்லவில்லை. ஓட்டு என்பது தனி மனிதனின் தீர்மானம் என்று பாடப்புத்தகம் சொல்லும். இங்கே அது தோட்டத்தின் தீர்மானம். ஆனால் அந்த முறையில் ஒரு நன்மை இருந்தது: வராதவரைத் தேடிப் போக ஓர் ஆள் இருந்தார்.

தோட்டம் கலைந்தபோது அந்த ஆளும் போனார். ரப்பர் போய்ச் செம்பனை வந்ததில் பாதிக் கைகளுக்கு வேலை இல்லாமல் ஆனது. பின்பு நிலம் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போனது. 1985-இல் முதல் பாலம் திறந்தது. 2014 மார்ச்சில் பத்து காவானிலிருந்து தீவின் பத்து மாவுங்குக்கு, 24 கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டாவது பாலம் திறந்தது. ஒரு காலத்தில் கரும்பு விளைந்த இடத்தில் மின்னணுத் தொழிற்சாலைகள் நிற்கின்றன. தோட்டத்தில் நாற்பது வீடு ஒரே லயத்தில் இருந்தவர்கள், எட்டு தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) பிரிந்து போனார்கள். சிலர் பிறைக்கு, சிலர் ஜோகூருக்கு, சிலர் சிங்கப்பூருக்கு. அடையாள அட்டையில் மட்டும் பழைய முகவரி. ஓட்டு இருக்கிற இடத்தில் ஆள் இல்லை, ஆள் இருக்கிற இடத்தில் ஓட்டு இல்லை.

பெரியப்பாவின் நோட்டு கடைசியாகப் பயன்பட்டது 2004-இல் என்று நினைக்கிறேன். மாநிலச் சட்டமன்றம் 40 இடங்களாக விரிந்த தேர்தல் அது. 1959-இல் 24 இடங்களோடு தொடங்கிய மன்றம். தேசிய முன்னணிக்கு நல்ல வெற்றி. அடுத்த தேர்தலில் என்ன நடக்கப் போகிறது என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

2007 நவம்பர் 25-ஆம் தேதி கோலாலம்பூரில், இந்தியர் உரிமைக்காக இண்ட்ராப் இயக்கம் நடத்திய பேரணி. இந்த வட்டாரத்திலிருந்தும் பஸ் ஏறிப் போனார்கள். போனவர்கள் கண்ணீர்ப்புகையில் கண் எரிந்து திரும்பினார்கள். போகாதவர்கள் அவர்கள் கைப்பேசியில் பிடித்து வந்த படங்களைப் பார்த்தார்கள். 2008 மார்ச் 8-ஆம் தேதி பினாங்கில் எதிர்க்கட்சிகள் 40-இல் 29 இடங்களைப் பிடித்தன. தேசிய முன்னணிக்குக் கிடைத்த 11-உம் அம்னோவுடையவை. ம.இ.கா., மசீச, கெராக்கான் மூன்றுக்கும் ஓர் இடம்கூட இல்லை. முப்பத்தொன்பது ஆண்டுகள் முதலமைச்சர் நாற்காலியை வைத்திருந்த கெராக்கானுக்குப் பூஜ்யம். சுங்கை பாக்காப்பில் பிகேஆரின் மக்தார் ஷாபி வென்றார்.

அந்தத் தேர்தலில் ஒரு சின்னக் குழப்பம். எங்கள் ஆட்களுக்கு, ஜசெகவின் (ஜனநாயக செயல் கட்சி) சின்னமான ராக்கெட்டுக்குப் போட வேண்டும் என்ற வேகம். ஜாவியில் இருந்தவர்களுக்குப் பிரச்சினை இல்லை, அங்கே சட்டமன்றத்துக்கு ஜசெக நின்றது. ஆனால் சுங்கை பாக்காப் வாக்குச்சீட்டில் ராக்கெட்டே கிடையாது. சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் பிகேஆரின் கண் சின்னம்தான். கண் போலத் தெரிகிறதே, அதற்குப் போடுங்கள் என்று ஒருவருக்கு ஒருவர் சொல்லிக்கொடுத்தார்கள். யாரும் நோட்டு வைத்துக்கொண்டு வேலை செய்யவில்லை. கோபமே எல்லாரையும் வரவழைத்தது. பெரியப்பா அன்றும் தராசு போட்ட சட்டையோடு முன்னணியின் பந்தலில்தான் இருந்தார். உள்ளே போய் எதற்குக் கோடு போட்டார் என்று கடைசிவரை சொல்லவில்லை. கேட்டால், ரகசிய ஓட்டு என்று சட்டத்திலேயே இருக்கிறது என்பார்.

2013-இலும் மக்தார் ஷாபியே வென்றார். முதன்முறையாக விரலில் மை வைத்த தேர்தல் அது. 2018 மே 9, ஒரு புதன்கிழமை. அம்னோவும் பாஸும் தனித்தனியே நின்றதில் மலாய் ஓட்டு பிரிந்தது, பிகேஆரின் அமார் பிரித்பால் அப்துல்லா உள்ளே வந்தார். மாநிலத்தில், பிகேஆரும் ஜசெகவும் இருந்த பக்காத்தான் ஹராப்பான் கூட்டணிக்கு 37 இடம். அந்த ஐந்தாண்டுகளைப் பற்றி எழுத எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. கொவிட், மத்தியில் ஆட்சி மாற்றம், ஊரில் தண்ணீர்ப் பிரச்சினை.

ஆனால் நாடாளுமன்ற உறுப்பினர் விஷயத்தை விட முடியாது. 2008-இல் பிகேஆர் சின்னத்தில் நிபோங் திபாலில் வென்ற டான் டீ பெங், 2010-இல் கட்சியைவிட்டு வெளியேறிச் சுயேச்சை ஆனார். 2013-இலும் 2018-இலும் வென்ற மன்சோர் ஒத்மான், 2009-இல் பெனாந்தி இடைத்தேர்தலில் ஜெயித்துப் பினாங்கின் முதலாம் துணை முதலமைச்சராக இருந்தவர். 2020-இல் அவரும் அணி மாறினார். பக்கத்துச் சுங்கை ஆச்சேயின் சட்டமன்ற உறுப்பினரும் அதே ஆண்டு மாறினார். அது நீதிமன்றம் வரை போய், கடைசியில் 2023 மார்ச்சில் அவருடைய இடம் காலியானதாக மாநிலச் சட்டமன்றம் அறிவித்தது. லாரியில் கூட்டிப் போகாமல் தானாக நடந்து போய்க் கண்ணுக்குக் கோடு போட்டவன், அந்த ஓட்டு எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தான். 2022 அக்டோபரில் கட்சித் தாவல் தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே இந்த வட்டாரத்தில் வேண்டிய சேதம் நடந்து முடிந்திருந்தது.

2022 நவம்பரில் நாடாளுமன்றத் தேர்தல். நிபோங் திபாலில் பிகேஆரின் பட்லினா சிடேக் வென்று கல்வியமைச்சரானார். பினாங்கு சட்டமன்றம் அப்போது கலைக்கப்படவில்லை. அதனால் மாநிலத் தேர்தல் 2023 ஆகஸ்டுக்குத் தள்ளிப் போனது. அதற்கடுத்த ஆண்டு இடைத்தேர்தல். இருபது மாதத்தில் மூன்று முறை ஓட்டு. ஜோகூரில் ஷிப்டு வேலை பார்க்கிறவன் முதல் முறை விடுப்பு எடுத்து, டிக்கெட் வாங்கி, இரவு பஸ்ஸில் வந்தான். இரண்டாம் முறை யோசித்தான். மூன்றாம் முறை வரவில்லை. நாடாளுமன்றத்தையும் சட்டமன்றத்தையும் ஒரே நாளில் நடத்தாததன் விலையை யாரும் கணக்குப் போட்டதாகத் தெரியவில்லை.

2023-இன் முடிவில் ஒரு விநோதம் உண்டு. நிபோங் திபாலின் மூன்று சட்டமன்றத் தொகுதிகளும் மூன்று கட்சிகளுக்குப் போயின. ஜாவி ஜசெகவுக்கு, சுங்கை பாக்காப் பாஸுக்கு, சுங்கை ஆச்சே அம்னோவுக்கு. நாடாளுமன்றம் பிகேஆரிடம். காரில் அரை மணி நேரத்துக்குள் சுற்றிவிடக்கூடிய ஒரு வட்டாரத்தில் நான்கு கட்சிகள். சாக்கடை அடைத்துக்கொண்டால் யாரிடம் போவது என்று என் மைத்துனி கேட்டார். மாநகர் மன்ற உறுப்பினரிடம் போக வேண்டும், அவரை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, ஊராட்சித் தேர்தல்கள் 1965-இலேயே நிறுத்தப்பட்டுவிட்டன என்று விளக்கத் தொடங்கினேன். பாதியிலேயே எழுந்து போய்விட்டார்.

2023-இல், பழைய எதிரிகளான அம்னோவும் ஹராப்பானும் ஒரே கூட்டணியாக நின்றது சுங்கை பாக்காப்பில் எப்படி வேலை செய்தது என்பதை எல்லாரும் மலாய்க்காரர் பக்கமிருந்தே அலசினார்கள்: அம்னோ ஓட்டு பிகேஆருக்கு மாறவில்லை, பாஸுக்குப் போயிற்று. சரிதான். ஆனால் தமிழர் பக்கமும் ஒன்று நடந்தது. அந்த ஆகஸ்டுத் தேர்தலில் ம.இ.கா.வும் மசீசவும் ஓர் இடத்திலும் நிற்கவில்லை. எதிரணியாக இருந்த பிகேஆருக்கு வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்கப் பழைய கிளைத் தலைவருக்கு என்ன அவசியம்? 2008-இன் கோபத்தைச் சுமந்து வேலை செய்த இளைஞர்களுக்கோ, அம்னோ சட்டை போட்டவர்களோடு ஒரே பந்தலில் உட்காரக் கூச்சம். பேராசிரியர் பி. ராமசாமி 2008-இலிருந்து பிறையின் சட்டமன்ற உறுப்பினர், பினாங்கின் இரண்டாம் துணை முதலமைச்சர். அவருக்கு அம்முறை இடம் கொடுக்கப்படவில்லை. ஜசெகவைவிட்டு வெளியேறி உரிமை என்ற கட்சியைத் தொடங்கினார். அவரைப் பிடிக்காதவர்கள்கூட அதைப் பற்றிப் பேசினார்கள்.

ஆக, பழைய இயந்திரமும் இல்லை, புதிய இயந்திரமும் இல்லை.

தொகுதியில் மலாய்க்காரர் சுமார் 59 விழுக்காடு, சீனர் 22, இந்தியர் 17. இந்தியர் ஓட்டு என்றால் தோராயமாக 6,800. ஒரு தமிழரை ஜெயிக்க வைக்க இது போதாது, எந்தக் காலத்திலும் போதாது. ஆனால் 1,563 ஓட்டில் தீர்ந்த தேர்தலில் இது சாதாரண எண்ணிக்கை அல்ல. அதனால்தான் 2024 ஜூனில் எங்கள் தாமான்களுக்குத் திடீரென்று விருந்தாளிகள் வந்தார்கள். துணையமைச்சர்கள் தோசைக் கடையில் உட்கார்ந்தார்கள். கோயில் வாசலில் செருப்புகளைவிடக் கேமராக்கள் அதிகம். தமிழில் செராமா (பிரசாரக் கூட்டம்), தமிழில் துண்டறிக்கை. கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பேச்சாளர், தோட்டத் தொழிலாளர்களே என்று விளித்துத் தொடங்கினார். கூட்டத்தில் இருந்தவர்கள் தொழிற்சாலை டெக்னீஷியன்கள், லாரி ஓட்டுநர்கள், கிளினிக் தாதிகள், இணைய வியாபாரம் செய்கிற பெண்கள். ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தொகுதியின் உண்மையான பேச்சு மூன்று. தண்ணீர், சாலை நெரிசல், டீசல். பினாங்கின் குழாய்த் தண்ணீரில் பெரும்பகுதி வடக்கே சுங்கை மூடாவிலிருந்து, சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையம் வழியாக வருகிறது. தென்கோடியில் இருப்பவர்களுக்குக் கடைசியில் கிடைப்பது மிச்ச அழுத்தம்தான். 2024 ஜனவரியில் சுங்கை டுவாவில் வால்வு மாற்றும் வேலைக்காக மாநிலத்தின் பெரும்பகுதிக்குத் தண்ணீர் நிறுத்தப்பட்டது. நினைவு தெரிந்த நாளிலிருந்து வாளியில் தண்ணீர் பிடித்து வைக்கும் ஊருக்கு அது புதிய துன்பமில்லை, கூடுதல் துன்பம். டீசல் விலை ஜூன் 10-ஆம் தேதி லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 3.35-க்கு ஏறியது. வேட்புமனு நாளுக்குச் சரியாகப் பன்னிரண்டு நாள் முன்பு. கொள்கை சரியா தவறா என்பது வேறு விவாதம், மானியத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் லாரிக்காரர்கள் நிறைந்த ஒரு தொகுதியில் இடைத்தேர்தல் வரப்போவது தெரிந்தே அந்தத் தேதியை வைத்தவர்களின் துணிச்சலை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

பிரசாரம் நடந்துகொண்டிருந்தபோதே இன்னொரு அறிவிப்பும் வந்தது. பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் 10 ஏ எடுக்கும் எல்லா இன மாணவர்களுக்கும், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான மெட்ரிகுலேஷனில் இடம் உறுதி என்றார் பிரதமர் அன்வார். மெட்ரிகுலேஷனில் பூமிபுத்ராக்களுக்கு (மலாய்க்காரருக்கும் பூர்வகுடியினருக்கும்) 90 விழுக்காடு, மற்றவர்களுக்கு 10 என்ற ஒதுக்கீடு, தமிழ்ப் பெற்றோர் ஒவ்வோர் ஆண்டும் வயிறு எரிந்து பேசுகிற விஷயம். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இது வந்திருந்தால் தெருவில் பட்டாசு வெடித்திருக்கும். இப்போது என் சித்தப்பா மகள் கேட்டது ஒன்றுதான்: 9 ஏ எடுத்த பிள்ளைக்கு என்ன? அவள் பிள்ளை 9 ஏ. செராமா மேடையில் இருந்தவர்களிடம் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. அவள் அன்று ஓட்டுப் போடப் போகவில்லை. பாஸுக்குப் போடுவது அவள் நினைத்தே பார்க்காத ஒன்று. பிகேஆருக்குப் போட மனம் வரவில்லை. அன்று சனிக்கிழமை, பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாணம் இருந்தது.

இதைத்தான் அரசியல் ஆய்வாளர்கள் சோம்பல் என்றும், மெத்தனம் என்றும், வாக்காளர் களைப்பு என்றும் எழுதினார்கள். களைப்பு உண்மைதான், மேலேயே சொன்னேன். ஆனால் எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டுவதை நான் ஒப்பவில்லை. தேர்ந்தெடுக்க இரண்டே பேர். ஒருவருக்குப் போட வழியில்லை, இன்னொருவருக்குப் போட விருப்பமில்லை. அப்படிப்பட்ட வாக்காளருக்குக் கையில் மிஞ்சுகிற ஒரே ஆயுதம் வீட்டில் இருப்பது. அதை அவர்கள் தெரிந்தே செய்தார்கள். ஆனால் அந்த ஆயுதத்தில் ஒரு குறை உண்டு: அது யாருடைய கையிலிருந்து வந்தது என்று எங்கும் பதிவாகாது. வாக்குச்சாவடிகளில் வயது வாரியாகச் சாலுரான் (ஓட்டுப் போடும் வரிசை) பிரிக்கிறார்கள். ஒவ்வொரு சாலுரானின் முடிவும், ஓட்டுகளை எண்ணியபின் நிரப்பும் பாரம் 14-இல் ஏறும். வந்தவர்களில் இளைஞர் எந்தப் பக்கம், முதியவர் எந்தப் பக்கம் என்று அதை வைத்துக் கட்சிக்காரர்கள் ஊகித்துவிடுகிறார்கள். வராதவர் ஏன் வரவில்லை என்பதற்குப் பாரம் கிடையாது. 3,648 பேரில் எத்தனை பேர் தமிழர், எத்தனை பேர் சீனர், எத்தனை பேர் அம்னோ கோபக்காரர் என்று அவரவர் வசதிக்கு ஏற்பச் சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொண்டார்கள். பிகேஆரில் அம்னோ சரியாக வேலை செய்யவில்லை என்றார்கள். அம்னோவில் வேட்பாளர் சரியில்லை என்றார்கள். ஜசெகவினர் சீன வாக்காளர் மழைக்குப் பயந்துவிட்டதுபோல் பேசினார்கள். தமிழர் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் அந்தக் கணக்கை வைத்திருந்த நோட்டு இப்போது யாரிடமும் இல்லை.

பெரியப்பா போன்றவர்கள் திரும்பி வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சிமெண்டுக்கு ஓட்டு வாங்கிய அந்த ஏற்பாடு போனதே நல்லது. ஆனால் அதற்குப் பதிலாகக் கட்சிகள் எதையும் கட்டவில்லை என்பது என் குற்றச்சாட்டு. பிகேஆருக்கு இந்தத் தொகுதியில் பதினைந்து ஆண்டுகள் இருந்தன. மூன்று தேர்தல்களில் தமிழர் ஓட்டைக் கேட்காமலேயே வாங்கினார்கள். கேட்காமல் கிடைத்ததால் தாமான்களில் ஒரு குழுவை வளர்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. தமிழ் தெரிந்த ஒருவரைச் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் முழுநேரம் உட்கார வைத்தால் என்ன என்று நானே ஒரு கூட்டத்தில் கேட்டேன். நல்ல யோசனை என்று குறித்துக்கொண்டார்கள்.

அடுத்த மாநிலத் தேர்தல் 2028-க்குள் நடந்தாக வேண்டும். அதற்கு முன்பே இடப் பங்கீட்டுச் சண்டை தொடங்கிவிடும். இரண்டு முறை தொடர்ந்து தோற்ற இடத்தைப் பிகேஆர் வைத்துக்கொள்வதா, சுங்கை ஆச்சேயில் ஜெயித்துக் காட்டிய அம்னோ கேட்பதா என்று. அம்னோ நின்றால் 2008-க்குப் பின் பிறந்த பிள்ளைகளின் பெற்றோர் மறுபடியும் தராசுக்குப் போட வேண்டியிருக்கும். பாஸ் தன் 14,000 ஓட்டை அப்படியே வைத்திருக்கும், அதற்கு நோட்டும் உண்டு, ஆளும் உண்டு, மசூதிக்கு மசூதி வலையும் உண்டு.

இதற்கிடையே பட்டியலும் மாறிக்கொண்டே இருக்கிறது. 2021 டிசம்பரிலிருந்து பதினெட்டு வயதானால் பெயர் தானாகவே ஏறிவிடும், அடையாள அட்டையில் எந்த முகவரியோ அந்தத் தொகுதியில். எங்கள் வீட்டு வாலிபர்களில் பாதிப் பேர் பத்து காவான் அடுக்குமாடிகளுக்குப் போய் முகவரியையும் மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் ஓட்டு இனி புக்கிட் தம்பூனில். அண்ணி மட்டும் மாற்ற மறுக்கிறார். அரசாங்க உதவித்தொகைக் கடிதம் பழைய முகவரிக்குத்தான் ஒழுங்காக வருகிறதாம், மாற்றினால் மூன்று மாதம் அலைய விடுவார்களாம். ஆகவே சுங்கை பாக்காப்பில் எங்கள் குடும்பத்துக்கு இன்னும் ஒரு ஓட்டு உறுதியாக இருக்கிறது. அன்றைக்கு யாராவது காரோடு வந்து கூப்பிட்டால் போவதாக அண்ணி சொல்லியிருக்கிறார்.